மொட்டைமாடியில் இரண்டு கோப்பை

கிரேக்கர்கள் உலகுக்கு அளித்த கொடைகளில் ஜனநாயகத்துக்கு அடுத்தபடியாக எங்கள் தீவு நகராட்சியின் ட்ரோனைத்தான் சொல்ல வேண்டும். மொட்டைமாடிகளில் அனுமதியின்றிக் கட்டியவற்றைக் கண்டுபிடிக்க அது பறந்தது. குடிமக்களின் அந்தரங்கம் கெடக்கூடாதே? அதற்காக நியமிக்கப்பட்ட ‘அந்தரங்கப் பாதுகாப்பு அலுவலர்’ அடியேன். யாரும் பார்க்கக் கூடாதவற்றை முதலில் நான் பார்ப்பேன், பிறகு மங்கலாக்குவேன். ஊரில் யார் யார் உள்ளாடையோடு வெங்காயம் நறுக்குகிறார்கள் என்பது எனக்கு மட்டுமே தெரிந்த அரசு ரகசியம்.

ட்ரோன் சத்தம் கேட்டதும் ஊரே போர்வையை எடுத்துக்கொண்டு மாடிக்கு ஓடும். குளியல் தொட்டியை மூடுவார்கள், புதுச் சுவரை மூடுவார்கள், அவசரத்தில் மாமனாரையும் மூடுவார்கள். என் வீட்டுக்கு நேர் மேலே குடியிருக்கும் ஸ்ட்ராட்டிஸ் மட்டும் எதையும் மூடுவதில்லை. அவருடைய குற்றம், மறைந்த மனைவி டெஸ்பினா வைத்த திராட்சைக் கொடிக்கு ஒரு பந்தல். ட்ரோன் வந்தால் காபியை இரண்டு கோப்பைகளில் ஊற்றி, ஒன்றை எதிர் நாற்காலிப் பக்கம் தள்ளிவைத்து, வானத்தைப் பார்த்து ஏதோ சொல்வார். தினமும்.

பந்தலைப் பிரிப்பதா என்று முடிவெடுக்க நகராட்சி கூடியது. ட்ரோன் எடுத்த படம் ஓடியது. விதிப்படி முகத்தை மங்கலாக்கியிருந்தேன்.

“யாருப்பா இது?” என்றார் ஓர் உறுப்பினர்.

“நான்தான்,” என்று முன்வரிசையிலிருந்து கைதூக்கினார் ஸ்ட்ராட்டிஸ்.

மேயர் ஃபெடோன் தொண்டையைச் செருமினார். “அண்ணே, மங்கலா இருந்தாலும் வாய் அசையறது தெரியுதே. அரசாங்கச் சொத்தைத் திட்டுறீங்களா?”

“ஏன் தம்பி திட்டணும்? ‘இறங்கி வா, காபி ஆறுது’ன்னேன்.”

“ட்ரோனையா?”

“வேற யாரு வர்றா? டெஸ்பினாவோட நாற்பதாம் நாளுக்கு எல்லாரும் வந்து கோதுமைப் பிரசாதம் சாப்பிட்டீங்க. அதுக்கப்புறம் இது ஒண்ணுதான் எட்டிப் பாக்குது.”

மேயர் அவசரமாகச் சட்டத்துக்குள் புகுந்துகொண்டார். “அதனால உங்க அந்தரங்கத்துக்கு ஏதாவது பங்கம்...?”

“அட போப்பா! அந்தரங்கம் வீடு நிறையக் கிடக்கு. பந்தலப் பிரிக்கணும்னா பிரிங்க. அவ வெச்ச கொடிய மட்டும் விட்ருங்க. ஆளுங்கள நேர்ல அனுப்புங்க, காபி நான் போடறேன்.”

மேயர் பந்தல் விவகாரத்தை ஒத்திவைத்தார். ஸ்ட்ராட்டிஸின் அந்தரங்கத்துக்கு எள்ளளவும் பங்கம் நேரவில்லை எனத் தீர்மானம் நிறைவேற்றி, பொறுப்பான அலுவலரை மனமாரப் பாராட்டினார்.

எனக்குத் தகுந்த பாராட்டுதான். அந்த ட்ரோன்கூட வானம் வரை ஏறி அவரைப் பார்த்துவிட்டது. கீழ்வீட்டுக்காரனான நானோ ஒரு மாடிகூட ஏறாமல், இத்தனை காலமாக அவருடைய அந்தரங்கத்தைக் கட்டிக் காத்திருக்கிறேன்.