பதிவில் இல்லாத வலி

விசாரணை அறைக் கதவை நீதிபதி திறந்தபோது, முதுகு வலியால் எந்த வேலையும் செய்ய முடியாதவர் என்று நிரூபிக்கப்பட வேண்டிய கஸ் ஹோலப், தன் வக்கீலின் கனத்த வழக்குப் பெட்டியைத் தோளில் சுமந்தபடி வாசலில் நின்றார்.

வக்கீல் ஐரின் ஷிமான்ஸ்கி அவசரமாகப் பெட்டியை இறக்கிவைக்கச் சொன்னார். அமெரிக்காவின் ஈரி நகரத்தில் ஊனமுற்றோர் உதவித்தொகை வழக்குகளை நடத்தியே தலை நரைத்தவர் அவர். இந்த வழக்கில் இதே நீதிபதியிடம் ஒருமுறை தோற்று, மத்திய நீதிமன்றம் வரை போய்ப் போராடி மறுவிசாரணை வாங்கியிருந்தார். அங்கே வழக்கு சுலபமாகத்தான் இருந்தது. கஸ் அங்கே வாய் திறக்க வேண்டியிருக்கவில்லை.

"நான் பனியில வழுக்கிட்டேன், அதான் இவர் எடுத்துட்டு வந்தாரு. பெட்டி பாக்கத்தான் பெருசு, ஐயா" என்று சிரித்தார் ஐரின்.

நீதிபதி அதைத் தூக்கிப் பார்த்தார். மூச்சு வாங்கியது. கீழே வைத்தார்.

சரி, கஸ்ஸே விளக்கட்டும் என்று அவரிடம் வலியைப் பற்றிக் கேட்டார் ஐரின். வலியா, அப்படியொன்றும் இல்லை என்றார் கஸ். இரும்பை உருக்கி வார்க்கும் வார்ப்பாலையில் மல்லுக்கட்டிய மனிதர். உதவித்தொகை வராவிட்டால் வீடு கைவிட்டுப் போய்விடும், ஆனாலும் சொல்ல வாய் வரவில்லை. வாசலில் பனி அள்ள முடியுமா என்றதற்கு, பக்கத்து வீட்டு வாசலையும் தானே அள்ளுவதாகச் சொன்னார். அள்ளிய பிறகு எத்தனை நாள் படுக்கையில் கிடப்பார் என்று ஐரின் மடக்கியதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"அது குடும்ப விஷயம்."

நீதிபதி பேனாவை மூடிவிட்டார்.

மிச்சமிருந்தவர், எப்படிப்பட்ட உடல்நிலைக்கு என்ன வேலை கிடைக்கும் என்று சொல்ல வந்திருந்த வேலைவாய்ப்பு நிபுணர் ஒருவர்தான். ஐரின் எழுந்து சுவரில் சாய்ந்துகொண்டு அவரிடம் பேசினார்.

"ஒருத்தரை நெனச்சுக்குங்க. காலைல குனிஞ்சு காலுறை போட முடியாது. கொஞ்ச நேரம் உக்காந்தா கால் மரத்துப்போயிடும். வலின்னு சொன்னா வேலை போயிடுமேன்னு, பனியில வழுக்கிட்டேன்னு சிரிச்சுக்கிட்டே சொல்லுவாங்க. வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திட்டுத்தான் அழுவாங்க. அவங்களுக்கு என்ன வேலை கிடைக்கும்?"

எந்த வேலையும் கிடைக்காது என்றார் நிபுணர்.

நீதிபதி மருத்துவ அறிக்கைகளைப் புரட்டினார். காலுறையைப் பற்றி எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று கேட்டார். ஐரினும் புரட்டினார். எங்கேயும் இல்லை. அவர் காது மடல் சிவந்தது.

கஸ் ஐரினையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தொண்டையைச் செருமினார்.

"எனக்கும் அப்படித்தான் ஐயா. சொல்லத்தான் வெக்கமா இருந்துச்சு."

காலுறையை மனைவி போட்டுவிடுவதையும், பனி அள்ளிய பிறகு தவழ்ந்தே கழிப்பறைக்குப் போவதையும் தலை குனிந்தபடி சொன்னார். நீதிபதி மூடிய பேனாவை மறுபடி திறந்தார். அங்கேயே, அப்போதே, கஸ்ஸுக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொல்லிவிட்டு எழுந்து போனார்.

ஒலிப்பதிவை நிறுத்தப்போன பெண் ஐரினைத் தயக்கத்தோடு பார்த்தாள்.

"பதிவுக்காகக் கேக்கறேன், மேடம். இவர் 'எனக்கும்'னு சொல்றாரே, அப்போ இவருக்கு முன்னாடி அந்த வலியைச் சொன்ன முதல் சாட்சியோட பேரை என்னன்னு போடட்டும்?"