பூசணியின் வயிறு குணமான வரலாறு

எடை அளவுத் துறை இயக்குநரின் வீட்டில் ஒரு நாய் இருந்தது. அதற்கு வயிறு சரியில்லை. உலகத்தில் இதைவிடப் பெரிய விஷயங்கள் எத்தனையோ இருக்க, இந்த ஒரு வயிறு எங்கள் துறையையே பட்டினி போட்ட விதத்தைப் பொதுநலன் கருதி இங்கே பதிவு செய்கிறேன்.

நாயின் பேர் பூசணி. குழைந்த சோறு, வேகவைத்த கோழி, மசித்த பூசணிக்காய் தவிர வேறு எது உள்ளே போனாலும் போன வேகத்தில் வெளியே வந்துவிடும். எந்த வழியாக வரும் என்பதுதான் முன்கூட்டித் தெரியாது. இயக்குநரின் வீட்டம்மா தினமும் சின்னக் குக்கரில் வேகவைத்து, எலும்பெடுத்து, கையால் பிசைந்து, ஆறவைத்துக் கொடுப்பார். பிள்ளைகள் வேலைக்கென்று வெளியூர் போன பிறகு அந்த வீட்டில் அவர் பேசுவதைக் காது கொடுத்துக் கேட்ட ஒரே ஜீவன் அதுதான்.

இப்படி இருக்கையில் இயக்குநர் ஒரு கருத்தரங்குக்குப் போனார். மேடையில் ஓர் இயற்கை உணவு ஆலோசகர் நாய்களின் மூதாதை ஓநாய் என்று நிறுவிவிட்டு, "ஓநாய் குக்கர் வச்சிருந்துச்சா?" என்று கேட்டார். அவ்வளவு படித்தவர்கள் கூடியிருந்த மண்டபத்தில் ஒருவராலும் பதில் சொல்ல முடியவில்லை. இயக்குநர் அசந்துபோய் வீட்டுக்கு வந்தார்.

"ஓநாய் குக்கர் வச்சிருந்துச்சா?" என்று மனைவியைக் கேட்டார்.

"ஓநாய் சோபாவில படுத்து டிவி பாத்துச்சாங்க?"

"குதர்க்கம் பேசாதே. நாளையிலேருந்து இதுக்குப் பச்சைக் கறிதான்."

மறுநாள் பூசணி பச்சைக் கறி தின்றது. அதன் பிறகு கூடத்து விரிப்புக்கு நேர்ந்ததை நான் எழுதப்போவதில்லை. இயக்குநர் ஆலோசகருக்குப் போன் போட்டார்.

"உள்ள இருந்த கழிவெல்லாம் வெளியேறுது சார். நல்ல அறிகுறி."

"வாந்தியும் எடுக்குது."

"ரொம்ப நல்ல அறிகுறி."

கால்நடை மருத்துவர் மட்டும், "இப்படியே போனா நாய் பிழைக்காதுங்க" என்றார். அவரைப் பழைய பஞ்சாங்கம் என்று இயக்குநர் ஒதுக்கிவிட்டார். வீட்டில் சண்டை முற்றவே, அலுவலகத்தில் சிக்கல் வந்தால் என்ன செய்வாரோ அதையே வீட்டிலும் செய்தார். குழு அமைத்தார். தலைவர் எங்கள் கண்காணிப்பாளர். கணக்கர் ஓர் உறுப்பினர். துறையின் தராசைத் தூக்கிக்கொண்டு போன மூன்றாவது உறுப்பினர் அடியேன்.

பூசணியைத் தராசில் நிறுத்தினோம். இடுப்பெலும்பு வெளியே தெரிந்தது. முள் இருக்க வேண்டிய இடத்துக்கு வரவே இல்லை.

"எடை குறைஞ்சிருக்கே?" என்றார் இயக்குநர்.

"தராசு தப்பாயிருக்குமோ?" என்றேன் நான், வாய் சும்மா இருக்காமல்.

கண்காணிப்பாளர் என்னை எரித்துவிடுவதுபோல் பார்த்தார். "நம்ம துறை முத்திரை போட்ட தராசுய்யா. அது தப்பாக் காட்டாது."

"அப்ப நாய் மெலிஞ்சிடுச்சுங்கறீங்களா?" இயக்குநரின் குரல் இறங்கியது. அது இறங்கினால் யாருக்காவது இடமாற்றம் என்று அர்த்தம்.

"இல்ல சார்" என்றார் கண்காணிப்பாளர். "முன்னாடி இருந்த எடைதான் தப்பு. இப்பதான் சரியான எடைக்கு வந்துக்கிட்டு இருக்கு."

இயக்குநர் முகம் மலர்ந்தது. வீட்டம்மா நாயைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். அவர் கண் கலங்கியிருந்ததை நாங்கள் மூவரும் பார்த்தோம். பார்க்காத மாதிரி தராசைத் துடைத்தோம்.

அன்று முதல் கணவர் வாசலைத் தாண்டியதும் பச்சைக் கறி குளிர்பெட்டிக்குள் போனது, குக்கர் அடுப்பில் ஏறியது. பூசணி தேறியது. மாடிப்படி ஏறி இறங்கி வாலை ஆட்டியது. இயக்குநர் பூரித்துப்போய், பச்சை உணவின் மகிமை பற்றி மேலிடத்துக்கு அறிக்கை அனுப்பினார். நாய்க்கு நல்லது மனிதனுக்கும் நல்லதுதானே? 'அடுப்பை அணைப்போம், ஆதியை அடைவோம்' என்று கேன்டீன் சுவரில் எழுதிவைத்து, சமையல்காரரை அனுப்பிவிட்டார். மதியம் எங்களுக்கு நறுக்கிய முட்டைக்கோசும் ஊறவைத்த பயறும் கிடைத்தன. வேலை நேரத்தில் வயிறுகள் ஒன்றுக்கொன்று குரல் கொடுத்துக்கொண்டன.

இந்த நிலையில்தான் குழு அடுத்த ஆய்வுக்குப் போனது. படியேறும்போதே கோழி வேகும் வாசனை. சமையலறையில் வீட்டம்மா கரண்டியும் கையுமாக அகப்பட்டுக்கொண்டார்.

"அவர்கிட்ட சொல்லிடுவீங்களா?" என்றார்.

கண்காணிப்பாளர் குக்கரையே பார்த்துக்கொண்டு நின்றார். "இதுக்கு உப்பு போடுவீங்களா மேடம்?"

அதற்குப் பிறகு ஆய்வு தினந்தோறும் மதியச் சாப்பாட்டு நேரத்தில் நடந்தது. மேடம் என்பது அக்கா ஆனது, சின்னக் குக்கர் பெரிய குக்கர் ஆனது.

ஒரு நாள் நாங்கள் இரண்டாம் முறை சோறு வாங்கிக்கொண்டிருந்தபோது இயக்குநர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தார். முன்மாதிரியாக இருக்க வேண்டுமே என்று அவரும் முட்டைக்கோசுதான் தின்றுகொண்டிருந்தார், பாவம்.

"என்னய்யா இது?"

"எங்களுக்கெல்லாம் சென்சிட்டிவ் வயிறு சார்" என்றார் கண்காணிப்பாளர், வாயில் சோற்றோடு.

இயக்குநர் குக்கரைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். "எனக்கும் அப்படித்தான் இருக்கும்போல" என்று உட்கார்ந்தவர், பூசணியின் கிண்ணத்தில் எடுத்துவைத்திருந்ததையும் சேர்த்து வழித்துவிட்டுத்தான் எழுந்தார்.

வீட்டம்மா கரண்டியைக் கீழே வைத்தார். "அப்பாடா. பூசணிக்கும் இனிமே சமைச்சே போடலாமில்ல?"

"அதெப்படி? அதுக்குக் குணமாயிடுச்சுன்னு மேலிடத்துக்கு எழுதியாச்சு. நாளைக்கு மேலதிகாரி நேர்ல பாக்க வர்றார். அவர் முன்னாடி அது பச்சைக் கறி தின்னாகணும்."

"குணமானது குக்கர் சோத்துலங்க! அது செத்துப்போயிடும்."

"அறிக்கையில அப்படி இல்லையே."

வீட்டம்மா எங்கள் பக்கம் திரும்பினார். அவர் கையால் தின்ற சோறு எங்கள் தொண்டையில் இருந்தது. கண்காணிப்பாளர் கூரையைப் பார்த்தார், கணக்கர் தரையைப் பார்த்தார், எனக்குப் பார்க்கத் தராசு இருந்தது.

மறுநாள் மேலதிகாரி வந்தபோது வீட்டில் நாயும் இல்லை, வீட்டம்மாவும் இல்லை, குக்கரும் இல்லை. வீட்டம்மா தன் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாராம்.

"எங்கே, குணமான வயிறு?" என்றார் மேலதிகாரி.

கண்காணிப்பாளர் இயக்குநரை முன்னால் தள்ளினார். வேறு வழியில்லாமல் இயக்குநர் ஒரு தட்டுப் பச்சைக் கறியை மென்றார். கண்ணில் நீர் வழிந்தது. ஆனந்தக் கண்ணீர் என்று விளக்கினோம். பிறகு தராசில் ஏற்றினோம்.

"ரொம்ப இளைச்சிருக்காரே?"

"முன்னாடி இருந்த எடைதான் சார் தப்பு" என்று நாங்கள் ஒரே குரலில் சொன்னோம்.

மேலதிகாரி மெச்சி, திட்டத்தை எல்லாத் துறைகளுக்கும் விரிவுபடுத்த அங்கேயே உத்தரவிட்டார். பிறகு வண்டியில் ஏறும்போது என் காதருகே குனிந்தார். "உங்க அறிக்கை வந்ததால எங்க ஆபீஸ்லயும் நேத்திலேருந்து முட்டைக்கோசுதான்யா. குக்கரோட போயிட்டாங்களாமே, அந்தம்மாவோட அக்கா வீடு எந்தப் பக்கம்?"

எல்லோரும் ஒரே வண்டியில் போனோம். பூசணி வாசலில் படுத்திருந்தது. எங்களைக் கண்டதும் வால் ஆட்டவில்லை. எழுந்து, தன் கிண்ணத்தின் மேல் கவிழ்ந்து படுத்துக்கொண்டது.

வீட்டம்மா ஜன்னல் வழியாக எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். பிறகு உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தார்.

"அக்கா, குக்கரை எடுத்து உள்ள வை. ஓநாய்ங்க வந்திருக்கு."