பதினாலாம் நம்பர் வீடு

அப்பா உருளைக்கிழங்கை நசுக்கிக்கொண்டே அறிவித்தார்: "இந்த வீட்டை விக்கறேன். என் கொள்ளுத்தாத்தா வீட்டை வாங்கறேன்."

நான் முள்கரண்டியைக் கீழே வைத்தேன். அம்மா வைக்கவில்லை. உலகம் அழிந்தாலும் அம்மா தட்டைக் காலி செய்துவிட்டுத்தான் எழுந்திருப்பாள்.

எங்கள் கில்டுவா கிராமத்தில் இருப்பது ஒரே தெரு. அயர்லாந்தின் 1911 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை அப்பா ஒரு மாதமாகக் கணினியில் தோண்டிக்கொண்டிருந்தார். கொள்ளுத்தாத்தா கிடைத்துவிட்டார். தெரு இதேதான். வீட்டு எண் பதினாலு.

கதவில் பதினாலு என்று போட்ட வீடு தெருமுனையில் இருக்கிறது. மூன்று மாடி. மாடிப்படி பாதியில் நின்றுவிடும். மழை வெளியே பெய்வதைவிட உள்ளே நன்றாகப் பெய்யும். அந்தப் பாழை வாங்கத்தான் எங்கள் வீட்டை விற்க வேண்டுமாம். உலர்ந்த வீடு. எனக்கென்று தனி அறை உள்ள வீடு. பள்ளிக்கூடத்தை விட்டுவிட்ட எனக்கு வேறு என்ன இருக்கிறது?

"மாலக்கி, அந்த வீட்ல புறாதான் இருக்கு" என்றாள் அம்மா.

"விரட்டிடலாம் டிம்ப்னா."

"அதுங்க பரம்பரையா இருக்கு. நீதான் புதுசா வரப்போற."

"கிண்டல் பண்ணாதே. நம்ம லாவின் குடும்பத்து ரத்தம் அந்தச் சுவர்ல ஊறியிருக்கு."

"ஊறியிருக்கறது தண்ணி."

அப்பா பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர். வண்டிக்கு பிரேக் உண்டு, அவருக்குக் கிடையாது. மறுநாளே எங்கள் வாசலில் 'விற்பனைக்கு' என்று பலகை தொங்கியது. சனிக்கிழமை கையெழுத்து. அம்மா சண்டையே போடவில்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை மாலை அம்மா கணினி முன்னால் உட்கார்ந்தாள்.

"இங்க வா மாலக்கி. நம்ம தெருவுல கதவு நம்பர் ஒரு பக்கம் ஒத்தைப்படை, எதிர்ப்பக்கம் இரட்டைப்படை. இந்தக் கணக்கெடுப்புல மட்டும் பக்கத்துப் பக்கத்து வீடெல்லாம் ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு போகுதே?"

"அதனால என்ன?"

"அதனால இது கதவு நம்பர் இல்ல. அந்தக் காலத்துல போலீஸ்தான் கணக்கெடுக்க வரும். அந்தப் போலீஸ்காரர் நடந்த வரிசை. பதினாலுன்னா அவர் நுழைஞ்ச பதினாலாவது வீடு."

அப்பாவின் முகம் சுருங்கியது. "அப்போ என் கொள்ளுத்தாத்தா வீடு எது?"

"வா, நடந்தே பாத்துடலாம்."

"அவர் எங்க ஆரம்பிச்சாருன்னு யாருக்குத் தெரியும்?"

"நாள் பூரா மழைல நடக்கணும். நீ போலீஸ்காரனா இருந்தா எங்க ஆரம்பிப்ப?"

அப்பா யோசிக்கவே இல்லை. "டோலன் மதுக்கடை."

"பாத்தியா? நீயே கண்டுபிடிச்சிட்ட."

மதுக்கடை ஒன்று. பக்கத்து வீடு இரண்டு. அம்மா முன்னால் எண்ணிக்கொண்டே போனாள், அப்பா பின்னால், நான் கடைசியில். ரொட்டிக்கடையை அம்மா தாண்டிவிட்டாள்.

"இதை விட்டுட்ட."

"புதுசு."

"பழசு மாதிரி இருக்கே!"

"பழசு மாதிரி கட்டியிருக்கான்."

தபால் நிலையமும் புதுசாம். அப்புறம் நோரா ஹேன்லி வீடும் புதுசு. நோரா வாசலிலேயே நின்றிருந்தாள். "என்ன டிம்ப்னா, எங்க வீடு எங்க தாத்தாவோட தாத்தா..."

"உள்ள போ நோரா, குளிருது."

பன்னிரண்டு. பதிமூன்று. அம்மா நின்றாள்.

"பதினாலு."

எங்கள் வீடு.

அப்பா தொப்பியைக் கழற்றினார். சுவரைத் தடவினார். மூக்கை உறிஞ்சினார். "எனக்குத் தெரியும் டிம்ப்னா. இந்த வீட்டுக்குள்ள முதல் முதலா நுழைஞ்சப்பவே உடம்பு சிலிர்த்துச்சு."

"அன்னிக்கு ஹீட்டர் ஓடல" என்றாள் அம்மா.

அவர் காதில் விழவில்லை. பலகையைத் தன் கையாலேயே பிடுங்கினார். தெருவில் போகிறவரை எல்லாம் நிறுத்தி, "நாலு தலைமுறை வீடு!" என்றார். நான் மாடிக்கு ஓடி என் கட்டிலில் பொத்தென்று விழுந்தேன். ஒரு வாரத்துக்கு அப்புறம் மூச்சு ஒழுங்காக வந்தது.

கீழே இறங்கியபோது அம்மா தேநீர் போட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, டோலன் கடைலேர்ந்து எண்ணினா பதினாலாவது நம்ம வீடுன்னு உனக்கு எப்படித் தெரிஞ்சது?"

"எங்கடி பதினாலு? நேத்தே எண்ணிப் பாத்துட்டேன், நம்ம வீடு பதினேழு."