சலவை நீலமும் ஒரு சட்டசபை உறுப்பினரும்

சாம்ராஜ்யங்கள் பீரங்கியால் கவிழ்ந்திருக்கின்றன, பஞ்சத்தால் கவிழ்ந்திருக்கின்றன. ஆனால் வேட்டிக்குப் போடும் சலவை நீலத்தால் கவிழ்ந்த ஒரே மகத்தான அரசியல் வாழ்வு, மயிலாப்பூர் ராவ் பகதூர் ரகுபதி அவர்களுடையதுதான் என்று நான் அடித்துச் சொல்வேன். அடித்துச் சொல்ல எனக்கு உரிமையும் உண்டு. நீலத்தைக் கலந்தவன் நான்.

1946 தேர்தலில் பெட்டிக்குப் பெட்டி ஒரு நிறம். வாக்குச்சாவடியில் கொடுக்கும் சீட்டை மறைப்புக்குள் எடுத்துப்போய், வேண்டியவருடைய நிறப் பெட்டியில் போட்டுவிட்டு வரவேண்டியது. எதிராளிக்கு மஞ்சள். எங்களுக்குப் பச்சை. அப்போது நான் ராவ் பகதூரின் அந்தரங்கக் காரியதரிசி, பிரசாரத் தலைவர், அவர் வீட்டு மாடி அறையில் வாடகை இல்லாமல் குடியிருப்பவன். மூன்று பதவிகளிலும் கடைசியானதைத்தான் நான் மிகுந்த பொறுப்புடன் வகித்தேன்.

யுத்தம் அப்போதுதான் முடிந்திருந்தது. பச்சைப் பெயிண்ட் சென்னை முழுவதும் தேடியும் அகப்படவில்லை. மற்றவர்களானால் கலங்கியிருப்பார்கள். நான் மஞ்சள் வண்ணப்பொடியில் சலவை நீலத்தைக் கலந்தேன். ஆஹா, கிளிப்பச்சை!

சுவரெழுதும் மெஹபூப் அலி வாளிக்குள் எட்டிப் பார்த்தான்.

"வாணாம் நைனா. மழை பேஞ்சா நீலம் ஓடிப்பூடும்."

"மார்ச் மாசத்துல ஏதுப்பா மழை?"

"மழை இன்னா, உன்னக் கேட்டுக்கினா வரும்?"

கேட்டுக்கொள்ளாமல்தான் வந்தது, தேர்தலன்று விடியற்காலையில். எட்டு மணிக்கு நான் குடையும் கையுமாக வெளியே வந்து பார்த்தால், மயிலாப்பூர்க் குளத்தங்கரையிலிருந்து தியாகராய நகர் வரை, அந்தண்டை அடையாறு வரை, எங்கள் நீலம் சாக்கடையில் ஓடிக்கொண்டிருந்தது. சுவர்களில் எஞ்சியிருந்தது அப்பழுக்கற்ற மஞ்சள். அதன்மேல் கரேலென்று, ஆள் உயர எழுத்தில்: "உங்கள் வாக்கு இந்த நிறப் பெட்டிக்கே! ராவ் பகதூர் ரகுபதி."

ஒரு வேட்பாளர் தம்முடைய எதிரிக்கு இவ்வளவு விஸ்தாரமாகப் பிரசாரம் செய்தது அதற்கு முன் நடந்ததாக எனக்குத் தெரியவில்லை. வண்ணம் கழுவிப்போன இடங்களில் ஏதோ பழைய சிவப்பு எழுத்துகளும் தலைகாட்டின. அவற்றுக்கும் இந்த விவகாரத்துக்கும் சம்பந்தமில்லை. ஆகவே விட்டுவிடுகிறேன்.

ராவ் பகதூரின் பொதுவாழ்வை அறியாதவர்களுக்காகச் சில வார்த்தைகள். அவர் 1937ல் சட்டசபைக்குப் போட்டியின்றித் தேர்ந்தெடுக்கப்பட்டார். எதிராளி தம் மனுவில் கையெழுத்துப் போட மறந்துவிட்டதால் மக்களின் பேராதரவு முழுவதும் எங்கள் பக்கம் திரும்பியது. சபையில் அவர் ஒரே ஒருமுறை பேசினார். "தலைவர் அவர்களே, அந்த ஜன்னலைச் சாத்தலாமா?" என்றார். சாத்தினார்கள். கொண்டுவந்த தீர்மானம் உடனே நிறைவேறுகிற பாக்கியம் எத்தனை உறுப்பினர்களுக்குக் கிட்டும்?

1939ல் மந்திரிசபை ராஜிநாமா செய்தது. அதோடு சட்டசபை கூடுவதும் நின்றது. அற்பர்கள் வீட்டுக்குப் போய்விட்டார்கள். எங்கள் ராவ் பகதூரோ, கூடாத சபையில் அடுத்த ஆறு வருஷம் ஒருநாள்கூட விடுப்பு எடுக்காமல் உறுப்பினராக இருந்தார்.

அவருடைய தலைமைக் குணம் சுடர்விட்டது 1942 ஏப்ரலில். ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று பட்டணமே மூட்டை கட்டியது. ராவ் பகதூர் பீதியை அடக்க ஓர் அறிக்கை தயாரித்தார். அதைச் சுவர் சுவராக எழுதச் சொல்லிவிட்டு, பீதியில்லாத இடம் எப்படி இருக்கும் என்று மக்களுக்காக முன்கூட்டியே பார்த்துவர, கும்பகோணத்துக்கு ரயிலேறினார். கூடவே அவர் மனைவி கோமளம் மாமி, நாய், இரண்டு ஊறுகாய் ஜாடி. ஆறாவதாக எனக்கு இடம் இல்லை.

"அம்பி, நீ அடுத்த ரயில்ல வந்துடு. அதுவரைக்கும் ஆத்தைப் பாத்துக்கோ" என்றார்.

அந்த அடுத்த ரயிலுக்கு மூன்று மாதம் காத்திருந்தேன். கும்பகோணத்திலிருந்து தந்தி மட்டும் வந்தது: "தைரியமாக இருக்கவும்." இருந்தேன். வேறு என்ன செய்வது?

இப்படிப்பட்டவர் தோற்றால் காரணம் மக்களாக இருக்க முடியுமா? எண்ணிக்கை முடிந்த மறுநாளே ராவ் பகதூர் வீட்டுக் கூடத்தில் "தோல்வி ஆராய்ச்சிக் கமிட்டி" கூடியது. தலைவர் அவர். காரியதரிசி நான். எங்கள் தெருச் சாவடியின் கணக்கை எழுந்து நின்று வாசித்தேன்.

"ஆண்கள் சாவடி. பதிவான சீட்டு நானூற்றுப் பன்னிரண்டு. பச்சைப் பெட்டியில்..." தொண்டையைச் சரிசெய்துகொண்டேன். "ஒன்று."

"ஒண்ணா?"

"முழுசா ஒண்ணு ஸார்."

"பெண்கள் சாவடி?"

"பெட்டி மிகவும் சுத்தமாக இருந்ததாம்."

ராவ் பகதூர் எழுந்து வந்து என் தோளில் கை வைத்தார்.

"அம்பி, அந்த ஒண்ணு யார் போட்டதுன்னு நேக்குத் தெரியும்டா. நீ போட்டது. நான் அன்னிக்கு அவசரத்துல மூக்குக்கண்ணாடியை ஆத்துலயே விட்டுட்டுப் போயிட்டேன். எந்தப் பெட்டியில போட்டேனோ, பகவானுக்குத்தான் தெரியும். ஊர் பூரா கைவிட்டாலும் நீ விடலை."

நான் அடக்கத்துடன் தலைகுனிந்தேன். அந்தத் தலை வெகுநேரம் நிமிரவில்லை.

"ஆனா உன் நீலம்தான்டா என்னைக் கவுத்துடுத்து" என்றார் அடுத்த மூச்சில். "சுவத்துல மஞ்சளைப் பாத்துட்டு ஜனங்க மாத்திப் போட்டுட்டா. வழக்குப் போடப்போறேன். தேர்தல் செல்லாதுன்னு ஆக்கி மறுபடி நிக்கப்போறேன். வக்கீல் ஒரே ஒரு சாட்சி வேணும்கறார். பச்சைக்குப் போடணும்னு போனேன், சுவத்தைப் பாத்து ஏமாந்து மஞ்சள்ல போட்டுட்டேன்னு ஒருத்தன் சொன்னாப் போறும். நீயும் நானும் சொன்னா எடுபடாதாம். வெள்ளிக்கிழமைக்குள்ள கொண்டா."

"கிடைக்கலேன்னா ஸார்?"

"கிடைச்சா நீ காரியதரிசி. கிடைக்கலேன்னா நீதான் குத்தவாளி. மாடி ரூமை ஒழிச்சுக் குடுத்துட்டுக் கிளம்பு."

நானூற்றுப் பதினோரு பேர் மஞ்சளில் போட்டிருக்கிறார்கள். அதில் ஏமாந்தவன் ஒருத்தன் இல்லாமலா போய்விடுவான்? கையில் நோட்டுடன் கிளம்பினேன்.

முதலில் எதிர்வீட்டு ஹெட்மாஸ்டர் கல்யாணராமன்.

"மாமா, மறைக்காம சொல்லுங்கோ. தவறிப்போய் மஞ்சள்ல போட்டுட்டேளா?"

"நானா! சிவ சிவா! பச்சை, பச்சை, பச்சை!" என்று மூன்று தரம் சொன்னார். "அந்த ஒரு ஓட்டு யார் போட்டதுன்னு நினைச்சேள்? நான்தான் ஓய்!"

பக்கத்து வீட்டில் கேட்டேன். அந்த ஒரு ஓட்டு அவரும் போட்டதாம். அதற்கடுத்த வீட்டில் தகப்பனார், பிள்ளை, மாப்பிள்ளை மூவருமாகப் போட்டிருந்தார்கள். மருந்துக்கடைக்காரர் ஜுரத்தோடு போய்ப் பச்சையில் போட்டதாகச் சொல்லி நெற்றியைத் தொட்டுப் பார்க்கவும் சொன்னார்; பத்து நாளைக்கு முந்தைய ஜுரம். இன்னொருவர், "பெட்டிக்குள்ள என் சீட்டு விழுந்த சத்தம் இன்னும் காதுல கேக்கறது" என்றார். காலியான பெட்டியில் விழுந்தால் சத்தம் பலமாகத்தான் கேட்கும் என்று எனக்கும் பட்டது.

வியாழக்கிழமை சாயங்காலம் நோட்டைக் கூட்டிப் பார்த்தேன். எங்கள் சாவடியில் பச்சைக்குப் போட்டதாகச் சத்தியம் செய்தவர்கள் இருநூற்றுப் பதினெட்டுப் பேர். பெட்டியில் இருந்தது ஒரு சீட்டு. இத்தனை விசுவாசமான ஜனங்களை உலகத்தில் வேறெங்கே பார்க்க முடியும்? வாக்கை வேறு இடத்தில் போட்டுவிட்டாலும், போட்டேன் என்ற வார்த்தையை நம்மிடமே கொண்டுவந்து கொடுத்துவிடுகிறார்கள்.

ராவ் பகதூர் கடைசி அஸ்திரத்தை எடுத்தார்.

"கோமளம்! நீ பெண்கள் சாவடியிலதானே போட்டே? நீ சுவத்தைப் பாத்து ஏமாந்துட்டேன்னு கோர்ட்டுல சொல்லிடேன்."

சமையலறையிலிருந்து பதில் வந்தது. "நேக்கு எது மஞ்சள், எது பச்சைன்னு தெரியாதுன்னு நான் ஊருக்கு முன்னாடி சொல்லணுமாக்கும்? நாலு பேர் சிரிக்கவா?"

"அப்போ எதுலதான் போட்டே?"

"அடுப்புல பால் வெச்சிருக்கேன்."

"கோமளம், நான் என்ன கேக்கறேன்..."

"பால் பொங்கறது!"

பால் பொங்கவில்லை. சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்த எனக்கு அடுப்பே மூட்டவில்லை என்பது தெரிந்தது. மாமி என்னைப் பார்த்து, "நோக்கும் ஒரு வாய் காப்பி வேணுமா?" என்றாள். பல்லைக் கடித்துக்கொண்டு அவள் கேட்ட விதத்தில், வேண்டாம் என்று சொல்வதே ராஜதந்திரம் எனப்பட்டது.

ராவ் பகதூர் சாய்வுநாற்காலியில் இருந்தார். மடியில் அவருடைய பழைய பித்தளைப் பலகை. கேட்டிலிருந்து கழற்றிக்கொண்டு வந்திருந்தார். "ரகுபதி, எம்.எல்.ஏ." என்பதை வேட்டி நுனியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"சாட்சி கிடைச்சுடுவான், இல்லையாடா அம்பி?" என்றார். "நீலம்தானே? வேற ஒண்ணும் இல்லையே?"

ஒன்பது வருஷம் அவரை ஏசிக்கொண்டே அவர் வீட்டுச் சோற்றைத் தின்றவன் நான். ஆனாலும் அந்தக் குரலைக் கேட்டபோது, அந்த நீலத்தை வாளி வாளியாக என் தலைமேலேயே ஊற்றிக்கொள்ளலாம் போலிருந்தது.

"நீலம்தான் ஸார். முழுக்க முழுக்க என்னோட நீலம்."

வெள்ளிக்கிழமை காலையில் குளத்தங்கரைப் பக்கம் போனேன். மெஹபூப் அலி ஏணிமேல் நின்று சுவருக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தான். சுவருக்குச் சொந்தக்காரர் எங்கள் தேர்தலை அழிக்கச் சொல்லிவிட்டாராம்.

"மெஹபூப், நீயாவது எனக்குச் சாட்சி சொல்லேன்!"

"எனுக்கு உங்க பொட்டியில ஓட்டே கெடியாதே நைனா."

வாஸ்தவம். முஸ்லிம்களுக்குத் தனித் தொகுதி, தனி வேட்பாளர், தனிப் பெட்டி. எங்கள் பச்சைக்கும் மஞ்சளுக்கும் அவன் கிட்டத்திலேயே வர முடியாது. சட்டென்று எனக்கு ஒன்று தோன்றியது. ஓட்டு இருக்கிற இருநூற்றுப் பதினெட்டுப் பேரும் என்னிடம் புளுகிவிட்டார்கள். இவனுக்குப் புளுக வேண்டிய அவசியமே இல்லையே!

"அப்போ நெஜத்தைச் சொல்லு. என் நீலத்தாலதானே அவர் தோத்தார்?"

மெஹபூப் அலி ஏணியிலிருந்து இறங்கினான். சுண்ணாம்பு மட்டையை வாளியில் போட்டான். இன்னும் சுண்ணாம்பு படாத மஞ்சள் திட்டைக் காட்டினான். கறுப்பு எழுத்துகளுக்கு அடியில் அந்தப் பழைய சிவப்பு எழுத்துகள் பளிச்சென்று தெரிந்தன.

"இத்தப் படி."

"அதுக்கும் இதுக்கும் சம்பந்தம்..."

"படி நைனா."

படித்தேன். "மக்களே, அஞ்ச வேண்டாம்! யார் போனாலும் நான் உங்களுடனேயே இருக்கிறேன். ராவ் பகதூர் ரகுபதி, எம்.எல்.ஏ., ஏப்ரல் 1942."

"இத்த எழுதனதும் நாந்தான். அப்பல்லாம் அசல் எண்ணெ பெயிண்டு, எத்தினி மழைக்கும் போவாது. 'இருக்கிறேன்'க்குப் புள்ளி வெச்சிக்கினு இருக்கச்சொல ஐயாவோட ஜட்கா என்னத் தாண்டி எக்மோருக்குப் போவுது. உள்ளாற அவரு, மாமி, நாயி, ஜாடி. தெருவே நின்னு பாக்குது. நீ வாசப்படியில நின்னுக்கினு கை ஆட்டிக்கினு கீற."

"அடுத்த ரயில்ல..."

"அட போ நைனா. மூணு மாசம் ஓட்டலெல்லாம் பூட்டிக் கெடந்திச்சே, எங்க வூட்டுல ஷகீலா சுட்ட ரொட்டிய யாரு துன்னது?"

"நான்தான்" என்றேன். ஒரு சாட்சியாவது உண்மை சொல்ல வேண்டாமா?

"உங்க பொட்டியில ஓட்டு கீறவன் பூரா வரி கட்றவன், படிச்சவன். அன்னிக்கிக் காலீல நீலம் ஓடிச்சி; அடியில கீற எழுத்து தெரிஞ்சிச்சி. அத்தப் படிச்சிக்கினே போயி மஞ்சள்ல போட்டாங்க. ஒருத்தனும் ஏமாறல. நாலு வருசமா செவுத்துல மறைஞ்சி கெடந்தத நீயே கழுவி வுட்டுட்ட."

நான் கடைசி ஆயுதத்தைப் பிடித்துக்கொண்டேன்.

"அதெல்லாம் இருக்கட்டும். பச்சையில ஒரு ஓட்டு விழுந்திருக்கே! அது நான் போட்டதுன்னு ஐயாவே சொல்லிட்டார்."

"அவரு சொன்னாரு. நீ சொன்னியா?"

எதிரே குளத்தில் வாத்து ஒன்று வெகு சுவாரஸ்யமாக நீந்திக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மெஹபூப் அலி மட்டையை எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறினான். இரண்டு படி ஏறித் திரும்பினான்.

"அது ஐயாவோட ஓட்டு நைனா. அன்னிக்கி அவரு கண்ணாடி இல்லாம தடவிக்கினு போனத நான் பாத்தேன்; அவரு ஒருத்தருதான் செவுத்தப் படிக்கல. நீ படிச்சே, உன்னுது மஞ்சள்ல கீது."