நல்லூர் விரதமும் நத்தை முட்டையும்

பலெர்மோ, இத்தாலி,
04.09.1994

பேரன்புள்ள குகனேஸ்வரி மச்சாள் அவர்களுக்கு,

பிரான்காச்சோ நாலாம் மாடியிலிருந்து தங்கள் தம்பியின் மனைவி அம்பிகை வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இவ்விடம் நானும் தங்கள் தம்பி சோதிலிங்கமும் தங்கள் மருமகள் தர்சனாவும் நல்லூர்க் கந்தன் புண்ணியத்தில் சுகம். அவ்விடம் கொழும்பு வெள்ளவத்தையில் தங்கள் சுகமும், தங்கள் பள்ளிக்கூடத்தின் சுகமும், தங்கள் இடது முழங்காலின் சுகமும் அறிய ஆவல். தாங்கள் ஜூனில் எழுதிய கடிதத்துக்குச் செப்ரெம்பரில் பதில் எழுதுகிறேன். இதற்கு ஒரு மன்னிப்பும் ஒரு காரணமும் தேவை. மன்னிப்பைத் தாங்கள் தரவேண்டும். காரணம் ஒரு நத்தை.

இந்தத் "தாங்கள்" எனக்கு இனிச் சரிவராது குகா. கம்பஸ் ஹொஸ்ரலில் ஒரே அறையில் மூன்று வருசம் ஒரே சவர்க்காரத்தைத் தேய்த்தவர்கள் நாம், நீர் உம்முடைய தம்பியைக் காட்டி என்னை மச்சாளாக்கியதெல்லாம் பிறகு வந்த கதை. நீர் கேட்டது சின்னக் கேள்விதான். "நீங்கள் ரெண்டு பேரும் வேலைக்கு ஓடுறியள். பிள்ளை கீழ்வீட்டு மனிசியோடை நிண்டு சிசிலியன் கதைக்குதாம். என்னட்டை அனுப்பும். பள்ளிக்கூடத்துக்கும் சொல்லிப்போட்டன், சின்னக் கட்டிலும் வாங்கிப்போட்டன். ஓமோ, இல்லையோ?" இதற்கு ஒரு சொல் பதில் எழுத எனக்கு மூன்று மாதம் போய்விட்டது. நாலு வயதுப் பிள்ளை பஸ்ஸுக்கு ஓடும்போது சாரதி மாதிரி "அம்முனீ", அதாவது "வா, போவம்", என்று என்னை விரட்டுகிறாள், தேவாரம் சொல்லச் சொன்னால் கொட்டாவி விடுகிறாள். ஆகவே உம்முடைய பக்கம் நியாயம் இருக்கிறது. ஓம் என்று எழுதத்தான் ஓகஸ்ட் முதலாந் திகதி பேனையை எடுத்தேன், அன்றைக்கென்று நத்தை வந்தது.

நான் வீட்டுவேலைக்குப் போகும் சிஞ்ஞோரா அம்மாவின் மகள் ஃபெதெரிக்காவுக்குப் பதினொரு வயது. அவளுடைய மாமன் கப்பல்காரன், ஆபிரிக்காவிலிருந்து ஒரு நத்தையைக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறான். மழைக்கு மதிலில் ஊருகிற சாதி இல்லை, என் பொத்திய கையை விடப் பெரிது. பெயர் ரெஜினா, அதாவது மகாராணி. அவர்கள் ஓகஸ்ட் முழுக்கக் கடற்கரை வீட்டுக்குப் போக, மகாராணி கண்ணாடிப் பெட்டியோடு என் மடிக்கு வந்தாள். ஃபெதெரிக்கா நாலு பக்கம் எழுதித் தந்தாள்: மண் ஈரமாக இருக்கவேண்டும், ஆனால் சொதசொதக்கக் கூடாது. உப்பைக் கண்ணிலும் காட்டக்கூடாது. ஓட்டுக்குச் சத்துப் பிடிக்கக் கணவாய் ஓடு வைக்கவேண்டும். கையை நனைத்துவிட்டுத்தான் தூக்கவேண்டும். பின்னேரம் பத்து நிமிசம் அதனோடு கதைக்கவேண்டும், இல்லாவிட்டால் கவலைப்படுமாம். சிஞ்ஞோரா என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஒன்றே ஒன்று சொன்னா. "அம்பிகா, இது தனிய இருந்தாலும் முட்டை போடுமாம். கண்டால் உடனை ஃபிறீசருக்குள்ளை வைச்சு, பிறகு குப்பையிலை போடு. இந்த வீட்டுக்கு ஒரு மகாராணி காணும்."

பஸ்ஸில் கண்ணாடிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். பக்கத்துக் கிழவி எட்டிப் பார்த்து, "ஒண்டுதானா பிள்ளை?" என்று கேட்டா. ஒன்றுதான் என்றேன். "நத்தை தின்னுற சாந்தா ரொசாலியா திருநாள் ஜூலையிலையே முடிஞ்சுது. நீ நேரஞ்சென்று வாங்கியிருக்கிறாய், இறுகிப்போயிருக்கும். உள்ளியைக் கனக்கப் போடு." முன்னால் இருந்த மனிதர் திரும்பி, தக்காளி போடாமல் நத்தை சமைப்பவர்கள் மனிதர்களே இல்லை என்றார். கிழவிக்குக் கோபம் வந்தது. பிரான்காச்சோ வரும்வரை உள்ளிக் கட்சியும் தக்காளிக் கட்சியும் அடிபட்டன. இது வளர்க்கிற நத்தை என்று நான் மூன்று தரம் சொன்னேன். "ஓம் ஓம், ரெண்டு நாள் பட்டினி போட்டு வளர்த்தால்தான் மண் கழியும்" என்று கிழவி என் முழங்காலில் தட்டிவிட்டு இறங்கிப் போனா.

ஆறாம் நாள் காலை தர்சனா கத்தினாள். "அம்மா! மகாராணி சவ்வரிசி போட்டிருக்கு!" மண்ணுக்குள் வெள்ளை வெள்ளையாக முட்டை. பிராக்டிக்கல் வகுப்பில் எண்ணுவது போல ஊசியால் பத்துப் பத்தாக ஒதுக்கி எண்ணினேன். நூற்றி நாற்பத்திமூன்று. ஈரக் கடதாசி விரித்து வெற்று றிகொத்தாச் சீஸ் பெட்டியில் போட்டேன், ஃபிறீசருக்கென்றுதான் போட்டேன், சத்தியமாக. ஆனால் அன்று ஃபிறீசரில் இடமில்லை, அடுத்த நாள் இடமிருந்தது, எனக்கு நேரமில்லை, அதற்கடுத்த நாள் நேரமும் இருந்தது. அன்று உம்மை நினைத்துவிட்டேன். கோழிக்கரு வளர்ச்சி படித்த வருசம் ஞாபகமிருக்கிறதா? கரண்ட் நின்று இன்கியுபேற்றர் குளிர்ந்துவிட, பன்னிரண்டு முட்டைகளை உம்முடைய நீலக் கைத்தறிச் சேலையில் சுற்றி ஹொஸ்ரலுக்குக் கொண்டுவந்தோம். நீர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், இடையில் முட்டை. "அம்பிகை, பிரண்டு படுக்காதையும்!" என்று விடிய விடிய என்னைக் கிள்ளினீர். எழுபத்திரண்டாம் மணித்தியாலத்தில் பதினொன்றை உடைத்துக் கீறிப் படம் வரைந்தோம். பன்னிரண்டாவதை உடைக்கமாட்டேன் என்று நின்றவர் நீர். அது பொரித்து, வார்டனின் செருப்புக்குள் நித்திரை கொண்டு, நம் இருவருக்கும் ஒரு வாரம் வெளியில் போகத் தடை வாங்கித் தந்தது. அந்த ஒரு வாரத்தைப் போல ஒரு வாரம் எனக்குப் பிறகு வரவில்லை குகா. கன்டீனில் இருந்து களவாக வந்த வடையும், யன்னலில் உம்முடைய சிரிப்பும், கட்டிலுக்குக் கீழே அந்தக் கீச்சுக் கீச்சும்.

இப்படி நினைத்துக்கொண்டே பெட்டியைக் குசினித் தட்டில் வைத்துவிட்டு வேலைக்குப் போய்வர, நல்லூர்க் கொடியேற்றம் வந்துவிட்டது. உம்முடைய தம்பியின் நல்லூர் விரதம் உமக்குத் தெரியும். ஸ்ஃபெர்ராகவால்லோவில் கடலுணவுச் சாப்பாட்டுக்கடையில் பகல் முழுக்க நண்டுக் கோதும் இறால் தோலும் கழுவுகிற மனிதர், வீட்டு வாசலிலேயே சேட்டைக் கழற்றி, தலைமுழுகி, இருபத்தைந்து நாளும் மரக்கறி. கொடியேற்றத்தன்று நான் குளித்துவிட்டு வர, அடுப்பில் பால் பொங்குகிறது, ஏலக்காய் மணக்கிறது, இவர் கரண்டியோடு நிற்கிறார். "அம்பிகை, பாயாசம் வைப்பம் எண்டு பாத்தன். நீர் சவ்வரிசியை ராத்திரியே ஊறவிட்டிருக்கிறீர். கெட்டிக்காரி!" கையில் றிகொத்தாப் பெட்டி, பாலுக்கு மேலே சரிந்தபடி. நான் போட்ட கூச்சலில் மூன்றாம் மாடிக்காரர் வெளியில் வந்துவிட்டார்கள். விசயம் விளங்கியதும் இவர் பெட்டியை மேசையில் வைத்து, கையைச் சாம்பலால் கழுவ வேண்டும் என்று வீடெல்லாம் சாம்பல் தேடி, காஸ் அடுப்பு வீட்டில் சாம்பல் இல்லாமல், திருநீறால் கழுவினார். "முருகனுக்கு நத்தை முட்டைப் பாயாசம்! இப்பவே ஃபிறீசருக்குள்ளை வையும். இந்த நிமிசம்!"

நான் ஃபிறீசரைத் திறந்தேன். தர்சனா கதிரையில் ஏறி நின்று பார்த்தாள். "அம்மா, குளிருமெல்லோ?" "ஓம்." "இவையின்ர அம்மா என்ன செய்யுது?" "வெள்ளரிக்காய் சாப்பிடுது." "தேடாதோ?" "நத்தை தேடாது அம்மா, முட்டை போட்டால் போட்டபடி போயிடும்." அவள் கதிரையிலிருந்து இறங்கினாள். "நான் கொழும்புக்குப் போனா நீங்களும் வெள்ளரிக்காய் சாப்பிடுவியளோ?" நாங்கள் இரவில் மெதுவாகக் கதைத்ததையெல்லாம் கேட்டிருக்கிறாள் குகா. எனக்குக் கோபம் வந்தது, அதை உம்முடைய தம்பி மேல் போட்டேன். "இஞ்சேருங்கோ, நல்லூர்க் கொடியேறின நாளிலை நூற்றி நாப்பத்திமூண்டு உயிரைக் கொல்லச் சொல்லுறியளோ? இதுதானோ உங்கடை விரதம்?" மனிதர் கையிலிருந்த திருநீற்றைத் துடைத்தார். "அப்ப தேர், தீர்த்தம் முடியட்டும்" என்றார். முடிய முதல் எல்லாம் பொரித்துவிடும் என்று நான் சொல்லவில்லை. விலங்கியல் படித்தவள் நான், அவர் கொமர்ஸ்.

குஞ்சுகளுக்குச் சுண்ணாம்புச் சத்து வேண்டும் என்று பல்லரோச் சந்தைக்குக் கணவாய் ஓடு கேட்கப் போனேன். மீன்காரன் ஒரு கை அள்ளித் தர, நான் பையை விரிக்க, பின்னால் சறோஜா. உமக்குத் தெரியாது, எங்கள் பூசைக் குழுவின் தலைவி, கண் இரண்டும் பூதக்கண்ணாடி. "அம்பிகை, நல்லூர் நடக்குது. மீன் கடையிலை என்ன அலுவல்?" "மீன் இல்லையக்கா, நத்தைக்கு." "நத்தையோ! விரத நாளிலை நத்தையோ!" இந்த ஊரில் நத்தை என்றால் சட்டிக்குள் என்பதுதானே கணக்கு. மாலைக்குள் ஊருக்குள் கதை பரவி, ஞாயிற்றுக்கிழமை பூசையில் எனக்குத் தேங்காய் துருவக்கூடத் தரவில்லை. இவர் ஒரு மூலையில் நின்று, "அது வளர்க்கிறது, வளர்க்கிறது" என்று ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டிருந்தார். விரதக்காரரின் குரலில் அப்படி ஒரு பரிதாபம்.

முட்டை போட்டுப் பதினான்காம் நாள் பொரித்தன. பருப்பளவு ஓடு, உள்ளே இதயம் அடிப்பது தெரியும். முதல் சாப்பாடே தங்கள் முட்டைக் கோதுதான். மொத்தம் நூற்றிப் பதினெட்டுக் குஞ்சு. ஒவ்வொரு நாளும் கொப்பியில் கோடு போட்டு எழுதினேன், எவ்வளவு சாப்பிட்டன, எவ்வளவு வளர்ந்தன, ஈரம் எவ்வளவு. எழுத எழுத எனக்குத் தர்சனா பிறந்த மாதம்தான் ஞாபகம் வந்தது. தொண்ணூறாம் ஆண்டு மாசி, ஒரு தமிழ் மனிசியையும் தெரியாத ஊர். நீர் ஆறு பக்கம் எழுதி அனுப்பினீர், பிள்ளையைக் குளிப்பாட்டுவது எப்படி என்று. ஒரு பிள்ளையையும் குளிப்பாட்டாத நீர்! உம்முடைய தம்பி குளியலறை வாசலில் நின்று உம்முடைய கடிதத்தை உரத்து வாசிப்பார். "இடது கையாலை தலையைத் தாங்கவும். தாங்கிப்போட்டீரோ? அடுத்த பக்கத்துக்குப் போகட்டோ?" நான், "பொறுங்கோ, வழுக்குது!" என்று கத்த, பிள்ளை கத்த, அவர் பக்கம் மாறி வாசிக்க. அந்தக் கடிதம் தண்ணீர் பட்டு மை ஊறி இப்போதும் என் சேலைகளுக்கிடையில் இருக்கிறது.

செப்ரெம்பர் முதலாந் திகதி சிஞ்ஞோரா வந்தா. நான் உண்மையைச் சொன்னேன். நெஞ்சில் கை வைத்துக் கதிரையில் இருந்தா. ஃபெதெரிக்கா துள்ளித் துள்ளி இருபதை எடுத்துக்கொண்டாள். மிச்சத்தை வெளியில் விட எனக்கு மனமில்லை, இந்தச் சாதி தோட்டம் தோட்டமாகத் தின்னும் என்று நாம் படித்தோமே. பல்கலைக்கழகத்து விலங்கியல் பகுதிக்குக் கொண்டு போனேன். அங்கே ஒரு இளம் உதவியாளர் என் கொப்பியைப் பத்து நிமிசம் புரட்டினார். "இதை ஆர் எழுதினது?" நான்தான் என்றேன். எழும்பி நின்று, "இருங்கோ, தொத்தொரெஸ்ஸா" என்று கதிரையை இழுத்துப் போட்டார். இங்கே பட்டம் பெற்றவர்களை அப்படித்தான் கூப்பிடுவார்கள். இங்கே வந்து ஆறு வருசத்தில் என்னை ஒருவரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. கதிரையில் இருந்து அழுதுவிட்டேன், அவர் நத்தையைப் பிரிகிற துக்கம் என்று நினைத்துத் தண்ணீர் தந்தார்.

ஆகவே குகா, எனக்குப் புத்தி வந்துவிட்டது. மகாராணி தன் குஞ்சுகளுக்கு மேலாலேயே ஊர்ந்து வெள்ளரிக்காய்க்குப் போனதை என் கண்ணால் கண்டேன். இயற்கையே அப்படி இருக்கும்போது நான் மட்டும் ஏன் ஒப்பாரி வைக்கவேண்டும்? பன்னிரண்டாந் திகதி கொழும்புக்குப் போகும் குணரத்தினம் அண்ணையோடு தர்சனா வருகிறாள். என் பதில் ஓம். சில சின்ன விசயங்கள் மட்டும்: பால் சூடாக இருக்கவேண்டும், ஆனால் ஆடை இருக்கக்கூடாது. பாணின் கரையைச் சாப்பிடமாட்டாள், வெட்டினாலும் வெட்டின கரையைப் பார்த்து அழுவாள், ஆகவே பார்க்காத இடத்தில் வெட்டவும். இடி இடித்தால் வலது காதை மட்டும் பொத்தவேண்டும். நித்திரைக்கு முதல் என் காது மடலைப் பிடிப்பாள், உம்முடையதைக் கொடுக்கவும், தோட்டைக் கழற்றிவிட்டு. கோபம் வந்தால் சிசிலியனில் பேசுவாள், அர்த்தம் கேட்கவேண்டாம். வெள்ளிக்கிழமைகளில் "அம்மா எப்ப?" என்று கேட்பாள், நாளைக்கு என்று சொல்லக்கூடாது, ஏனென்றால் நாளைக்கு எழும்பிக் கேட்பாள். காய்ச்சல் வந்தால் சொல்லமாட்டாள், கண் இமை சிவக்கும், இடது இமை முதலில். இன்னும் இருக்கிறது, இந்தத் தாள் முடிகிறது.

உமது முழங்காலுக்குச் சுகமும், உமது வீட்டுக்கு நிறைவும், பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குப் புத்தியும் தர முருகனை வேண்டி, அத்தானுக்கு என் வணக்கத்தையும் அயலாருக்கு விசாரிப்பையும் சொல்லி முடிக்கிறேன்.

என்றும் உமது அன்பு மச்சாள்,
அம்பிகை

பி.கு.: கடிதத்தைக் கொடுக்கக் குணரத்தினம் அண்ணை வீட்டுக்குத் தர்சனாவையும் கூட்டிப்போனேன். அவர் சூட்கேஸைத் திறந்து, "பிள்ளையின்ர உடுப்புக்கு இந்தப் பக்கம்" என்று காட்டினார். அவள் உள்ளே எட்டிப் பார்த்து, "அம்மான்ர உடுப்புக்கு எந்தப் பக்கம், மாமா?" என்று கேட்டாள். அண்ணை என்னைப் பார்த்தார். நான் "அம்முனீ" என்றேன், இருவரும் பஸ் பிடித்து வீட்டுக்கு வந்துவிட்டோம். மேலே எழுதியதெல்லாம் பொய் குகா. பிள்ளை வரமாட்டாள். கன்னியாஸ்திரிகளின் பாலர் பள்ளியில் இடம் கேட்டிருக்கிறேன், தமிழை நான் படிப்பிக்கிறேன், உம்முடைய தம்பிக்கு இன்னும் சொல்லவில்லை, தீர்த்தம் முடியட்டும். நீர் கோவிப்பீர். கோவித்துக்கொண்டே இஞ்சை வாரும், வதிவிட அனுமதிப் பெர்மெஸ்ஸோ அலுவல்களை நான் விசாரிக்கிறேன். சூட்கேஸில் அந்தப் பக்கம் வெறுமையாகப் போகக்கூடாதென்று மூன்று கிலோ சீஸ் கட்டி வைத்திருக்கிறேன். சின்னக் கட்டிலை மட்டும் விற்றுப்போடாதையும்.