தேங்காய் காட்டிய கிளவுட்

அமரவிளையில் அன்று காலை கடை திறந்தவர்களைவிடக் கடையைப் பூட்டிவிட்டு வந்தவர்கள்தான் அதிகம். எல்லாரும் ராபின்சனின் கல்யாண ஸ்டுடியோ முன்னால் கூடியிருந்தார்கள். பாலராமபுரத்திலிருந்து புடவைக் கடைக்காரர் சதாசிவன். காஞ்சிரங்குளத்திலிருந்து பேக்கரி ஜெயச்சந்திரன், குடும்ப சகிதம். சோமன் ஆசான் தேங்காய் பிடிக்கப் போகிறாராம்!

தேங்காயை உள்ளங்கையில் படுக்கவைத்துக்கொண்டு நிலத்தில் நடப்பார். நீரோட்டம் இருக்கும் இடத்தில் அது எழுந்து நிற்கும். இதுதான் ஆசானின் பழைய தொழில். போர்வெல் வண்டி வந்து அந்தப் பிழைப்பில் மண்ணைப் போட்டது. ஆசான் சும்மா இருப்பாரா? கடைக்காரர்கள் தங்கள் பில்லையும் படத்தையும் இணையத்தில் பத்திரமாக வைக்க எந்த கிளவுட் கம்பெனி நல்லது என்று தலையைப் பிய்த்துக்கொண்டிருந்த நேரம். கம்பெனிப் பெயர்களைத் தாளில் எழுதித் தரையில் பரப்பினால் போதும், தேங்காய் சொல்லிவிடும் என்றார். கம்ப்யூட்டர் படித்த பிள்ளைகளே யோசித்துச் சொல்லும் விஷயத்தை யோசிக்காமலே சொல்கிறது ஒரு தேங்காய். நாடு முன்னேறுகிறது, சந்தேகமே இல்லை.

ராபின்சனின் மனைவி புஷ்பபாய்க்கு மட்டும் எரிச்சல். அவள் வீட்டுக்குப் பின்னால் ஆசானின் தேங்காய் காட்டிய கிணறு ஒன்று உண்டு. அதில் இன்றுவரை மழை பெய்தால்தான் தண்ணீர். “நாமதான் ஆழமாத் தோண்டாம விட்டுட்டோம்” என்பார் ராபின்சன், தேங்காயை விட்டுக்கொடுக்காமல்.

ஆனாலும் புருஷனைத் திட்ட அவளுக்கு மனசு வரவில்லை. போன மழைக்காலத்தில் ஸ்டுடியோவின் ஹார்ட் டிஸ்க் செத்துப்போனது. உள்ளூர்ப் பையன் அஜேஷின் கல்யாணப் படங்கள் மொத்தமும் அதில் இருந்தன. கல்யாணம் முடிந்து சில நாளில் அஜேஷின் அப்பா இறந்துவிட, அவர் சிரிக்கிற படம் ஒன்று போதும் என்று கேட்டு வந்தான் அந்தப் பையன். கொடுக்க ஒன்றுகூட இல்லை. ராபின்சன் அன்றைக்கு அழுதார். அதிலிருந்து புது டிஸ்க்கைத் தலையணைக்கு அடியில் வைத்துத்தான் தூங்குகிறார். பயந்துபோன மனுஷனிடம் தேங்காயோடு வருகிறானே இந்த ஆசான், அவன்மீதுதான் புஷ்பபாய்க்குக் கோபம்.

ஆசான் தோளைப் போர்த்தியிருந்த மேல்முண்டைச் சரிசெய்துகொண்டு நான்கு தாள்களைப் பரப்பினார். நடந்தார். ‘நித்தியமேகம்’ என்று எழுதிய தாளுக்கு மேலே தேங்காய் விறைப்பாக எழுந்து நின்றது. கூட்டம் கைகூப்பியது.

“எனக்கும் இதைத்தான் காட்டிச்சு!” என்றார், ஏற்கெனவே தேங்காய் பார்த்துப் பணம் கட்டிவிட்ட சதாசிவன்.

“எனக்கும்!” என்றார் ஜெயச்சந்திரன்.

புடவைக்கும் கேக்குக்கும் கல்யாணத்துக்கும் ஒரே கம்பெனியா என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டால் தேங்காய் கோபித்துக்கொள்ளுமே!

“மூணு வருசத்துக்கு முன்பணம் கெட்டணும் மக்கா” என்றார் ஆசான். ராபின்சனின் கை சட்டைப்பைக்குப் போனது.

“நில்லுங்க” என்றாள் புஷ்பபாய். “ஆசானே, இன்னும் ஒருக்கா பிடியுங்க. தாளைக் கமத்திப் போட்டு.”

“அது சரியாவாது. எழுத்து மேலே தெரிஞ்சாத்தானே தேங்காய்க்குச் சக்தி கிட்டும்?”

“நாப்பதடி பாறைக்கக் கீழே கெடக்குத வெள்ளம் தெரியும். ஒரு தாளுக்க அந்தப் பக்கம் தெரியாதோ?”

கூட்டத்தில் யாரோ சிரித்துவிட்டார்கள். சதாசிவனுக்கு ரோஷம் வந்தது. “பிடியும் ஆசானே! நம்ம தேங்காய் தோக்காது!”

பக்தனே பிடரியைப் பிடித்துத் தள்ளினால் ஆசான் எங்கே போவார்? புஷ்பபாய் தாள்களைப் பொறுக்கிக்கொண்டு உள்ளே போனாள். திரும்பி வந்து நான்கு தாள்களைக் கவிழ்த்துப் பரப்பினாள். ஆசான் நடந்தார், திரும்ப நடந்தார், வியர்த்தார். கடைசியில் மூன்றாவது தாளுக்கு மேலே தேங்காய் எழுந்து நின்றது.

“இதாக்கும்! நித்தியமேகம்! நிங்களுக்க படமெல்லாம் மூணு தலைமுறைக்கு இதிலே பத்திரமா இருக்கும்!”

புஷ்பபாய் தாளைத் திருப்பினாள். ‘கொழுகொழுவென வளர, தரமான கோழித்தீவனம்’ என்றது நோட்டீஸ். மற்ற மூன்றையும் திருப்பினாள். எல்லாம் அதே கோழித்தீவனம்.

ஜெயச்சந்திரன் தீவிரமாக யோசித்துவிட்டுக் கேட்டார்: “கோழித்தீவனக்காரங்களும் கிளவுட் நடத்துதாங்களோ?”

ஆசான் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். வாசலில் இருந்த கேமரா ஸ்டாண்டில் மேல்முண்டு மாட்டி உருவிக்கொண்டது. உள்ளே பனியன். பனியன் முதுகில் பெரிய எழுத்தில்: ‘நித்தியமேகம், அமரவிளை ஏஜென்ட்.’

“எலே, எனக்க முன்பணம்!” என்று கத்திக்கொண்டு சதாசிவன் பின்னாலேயே ஓடினார். தேங்காய் படியில் கிடந்தது.

ராபின்சன் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். “பின்ன எப்பிடியாக்கும் நல்லதைக் கண்டுபிடிக்கியது?”

“ஒரு ஆல்பத்தை ஏத்துவோம். நாமளே அழிப்போம். திருப்பித் தாங்கண்ணு போன் போட்டுக் கேப்போம். தாறவங்ககிட்ட வைப்போம்.”

அப்படியே செய்தார்கள். ஒரு கம்பெனி போனையே எடுக்கவில்லை. இன்னொன்று பாதிப் படங்களைத் தந்து மீதிக்கு வருத்தம் தெரிவித்தது. மூன்றாவது கம்பெனி மொத்தத்தையும் அன்றைக்கே திருப்பித் தந்தது. அதில் சேர்ந்தார்கள். டிஸ்க்கிலும் ஒரு பிரதி இருக்கட்டும் என்று அதை அலமாரியில் வைத்துவிட்டு, ராபின்சன் வெறும் தலையணையில் தூங்கினார். அஜேஷின் அப்பா சிரித்த படம் மட்டும் போனது போனதுதான்.

படியில் கிடந்த தேங்காயைப் புஷ்பபாய் மீன்கறிக்கு அரைத்தாள். அது உருப்படியாகச் செய்த முதல் வேலை அதுதான். தேங்காய்க்குக் கண் மூன்று, மூன்றும் பார்க்காது. நமக்கு இரண்டுதான். தாளைத் திருப்பிப் பார்க்க அதுவே தாராளம்.