லெட்டூஸ் பாலும் கெமிஸ்ட்ரி பிராக்டிகலும்

கெமிஸ்ட்ரி படித்த தகப்பன்கள் எல்லோரும் ஆபத்தானவர்கள் என்று சொல்ல மாட்டேன். நான் ஆபத்தானவன். அது எனக்கே தெரியவர ஒரு கீரைச் செடி தேவைப்பட்டது.

சாயப்பட்டறையில் லேப் இன்சார்ஜ் நான். பொங்கலூரில் எங்கள் மொட்டை மாடித் தொட்டியில் லெட்டூஸ் கீரை போட்டிருந்தேன். வெயில் ஏறியதும் இலை சுருங்கி, தண்டு மட்டும் இடுப்பு உயரம் வளர்ந்து பூத்துவிட்டது. ஒடித்தால் வெள்ளையாகப் பால் வடியும். நாக்கில் வைத்தால் காது வரை கசக்கும். அந்தக் கசப்புக்கு வலியைத் தணித்துத் தூக்கம் வரவைக்கும் குணம் உண்டென்று எங்கோ படித்திருந்தேன். (வலி வரை படித்தவன், தூக்கத்தை யோசிக்கவில்லை.)

அன்று மகள் யாழினிக்குப் பிளஸ் டூ கெமிஸ்ட்ரி பிராக்டிகல், மதியம் இரண்டு மணிக்கு. காலையிலிருந்தே கடைவாய்ப் பல் வலி. பல் டாக்டர் சாயங்காலம்தான் வருவார். மனைவி செல்வி எட்டு மணிக்கே பனியன் கம்பெனிக்குப் போய்விட்டாள். தண்டுகளை நறுக்கிக் கொதிக்கவிட்டு, அரை டம்ளராகச் சுண்டவைத்தேன்.

“கண்ணு, மூக்கைப் புடிச்சுட்டு ஒரே மடக்குல குடிச்சுரு.”

“குடிச்சே ஆகோணுங்களாப்பா?”

“அப்பன் கெமிஸ்ட்ரி படிச்சவன் கண்ணு.”

குடித்தாள். பதினொரு மணிக்கு வலி குறைந்திருக்கிறது என்றாள். எனக்கு நானே மனதுக்குள் பொன்னாடை போர்த்திக்கொண்டேன். பன்னிரண்டுக்கு ரெக்கார்டு நோட்டின் மேல் தலைவைத்துத் தூங்கினாள். ஒரு மணிக்கு எழுப்பினால், “ம்” என்றாள். முகத்தில் தண்ணீர் தெளித்தேன். கண் திறந்தது, மேலே சொருகியது, மூடிக்கொண்டது. பக்கத்து வீட்டுக்காரர் காரில் பல்லடம் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். ஒரு காலில் என் செருப்பு, மறுகாலில் செல்வியின் செருப்பு.

செல்வி கம்பெனியிலிருந்து அழுதுகொண்டே வந்தாள். “ஏனுங்க, புள்ள தும்முறாளேன்னு காத்தால ரெண்டு மாத்திரை குடுத்துட்டுத்தானுங்க போனேன்! ஒரு வார்த்தை கேக்க மாட்டீங்களா?”

தும்மலை நிறுத்தும் அந்த மாத்திரையே தூக்கம் தருவது. அதன் மேல் என் கஷாயம்.

பட்டறையில் ஷிப்ட் மாறும்போது, மெஷினில் ஏற்கெனவே என்ன போட்டிருக்கிறது என்று பேட்ச் கார்டைப் பார்க்காமல் யாரும் ஒரு சொட்டு சேர்க்கக் கூடாது. சேர்த்த ஒருவனை எல்லோர் முன்னாலும் திட்டியிருக்கிறேன். நனைந்த துணிக்குக் காட்டிய அக்கறையை என் பிள்ளைக்குக் காட்டவில்லை.

“என்ன வேலைங்க பாக்கறீங்க?” என்றார் டாக்டர்.

“டையிங்ல லேப் இன்சார்ஜுங்க.”

“துணி வெளுத்தா மறுபடி சாயம் போட்டுக்கலாமுங்க. இது புள்ளைங்க.”

நாலரை மணிக்குக் கண் விழித்தாள். சுற்றிலும் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டாள். “அப்பா, பிராக்டிகல்?”



டாக்டர் சீட்டோடு போய் டீச்சரிடம் நின்றேன். மறுநாள் கடைசி பேட்சில் சேர்த்துக்கொண்டார். நல்ல மார்க்கே வாங்கினாள். இப்போது கல்லூரியில் படிக்கிறாள். விடுமுறைக்கு வரும்போது நான் காபி கொடுத்தால் டம்ளரை என் பக்கமே தள்ளுவாள். “மொதல்ல நீங்க ஒரு வாய் குடிங்கப்பா.” சொந்தக்காரர்கள் இருந்தால் வீடே அதிரும். நானும் சிரித்துக்கொண்டே ஒரு வாய் குடிப்பேன்.

சிரிப்பு அடங்கிய பிறகும் அவள் டம்ளரைத் தொடுவதில்லை. நான் விழுங்கும் வரை என் தொண்டையையே பார்த்துக்கொண்டிருப்பாள்.